ரெண்டு சாஃப்ட்பாக்ஸ் வாங்கி ஒன்ன கட்டிலுக்கு அடியில போட்ட கதை

மொதல்லயே சொல்லிடுறேன், நான் போட்டோகிராஃபர் கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க அக்கா வீட்டுலயே சமைச்சு மதிய சாப்பாடு, மீன் கொழம்பு, வறுவல்னு ஆர்டர் எடுத்து குடுக்குது, அதுக்கு வாட்ஸாப் ஸ்டேட்டஸ்லயும் டெலிவரி ஆப்புலயும் போட போட்டோ எடுக்குற வேலை என் தலையில வந்து விழுந்துச்சு. ஆறு மாசமா ட்யூப் லைட்டுக்கு கீழ நின்னு எடுத்து எடுத்து போட்டேன், ஒரு நாள் அக்காவே போன வாங்கி பாத்துட்டு "ஏன்டா, நான் வெக்கிறது கொழம்பா இல்ல ரோட்டுக்கு ஊத்துற தாரா"ன்னு கேட்டுச்சு. அந்த ரோஷத்துல அன்னைக்கு ராத்திரியே தேடி ஆன்லைன்ல போட்டதுதான் இந்த ரெண்டு சாஃப்ட்பாக்ஸ் செட்டு, அதாவது பல்ப துணிப்பொட்டிக்குள்ள வெச்சு வெளிச்சத்த மெத்துனு விழ வெக்கிற போட்டோ லைட்டு. மூணு மாசம் வெச்சு பாத்தாச்சு, அதான் எழுதுறேன். கம்பெனி பேர் போடல, இதே சாமான் பத்து பேர்ல விக்குது, பெட்டி மேல ஸ்டிக்கர் மட்டும்தான் வேற வேற.

வெல 2,600 ரூவா. ரெண்டு ஸ்டாண்டு, 50க்கு 70 சென்டிமீட்டர் சைஸ்ல ரெண்டு துணிப்பொட்டி, ரெண்டு எல்இடி பல்பு, எல்லாத்தையும் போட்டு வெக்க ஒரு பை. துணிப்பொட்டிக்கு உள்பக்கம் வெள்ளி கலர், முன்னாடி இழுத்து மாட்டுற வெள்ள துணி. மாட்டுறது சுலபம், அந்த நாலு கம்பிய ஓட்டையில சொருகுறப்போ மட்டும் கம்பிக்கு நேரா மூஞ்சிய கொண்டு போகாதீங்க, ஒண்ணு தெறிச்சு வந்து என் கண்ணாடில பட்டுச்சு. பிளக்கு நம்ம ஊரு சுவிட்ச் போர்டுக்கு சேராது, தட்ட பின்னு, அதுக்கு ஒரு அடாப்டர் தனியா வாங்கணும். இதெல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் அந்த பெட்டிக்குள்ள இருந்த படம். எப்படி வெக்கணும்னு ஒரு பேப்பர்ல படம் போட்டு குடுத்திருக்காங்க, நடுவுல பொருளு, முன்னாடி இடது பக்கம் ஒரு லைட்டு, வலது பக்கம் ஒரு லைட்டு, ரெண்டும் பொருள பாத்து சாய்வா. நானும் அப்படியே வெச்சு மண் சட்டில சங்கரா மீன் கொழம்ப நடுவுல வெச்சு எடுத்தேன். கொழம்பு மேல ரெண்டு வெள்ள கட்டம் தெரியுது. ஜன்னல் மாதிரி, ஓரம் எல்லாம் சுத்தமா, சதுரமா. மேல மெதக்குற எண்ணெயில அந்த துணிப்பொட்டியே அப்படியே கண்ணாடில பாத்த மாதிரி விழுந்திருக்கு. மீன் துண்டுக்கு நெழலே இல்ல, சட்டிக்கு ஆழமே இல்ல, ஏதோ கொழம்ப படமா வரைஞ்சு தட்டுல ஒட்டுன மாதிரி சப்பையா கெடக்கு. பளிச்சுனு இருந்துச்சு, அது நெசம். பாஸ்போர்ட் போட்டோ மாதிரி பளிச்சுனு.

பாண்டில கல்யாண போட்டோ எடுக்குற ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான், அவனுக்கு அனுப்புனேன். போன் பண்ணி அஞ்சு நிமிஷம் சிரிச்சுட்டுதான் பேசவே ஆரம்பிச்சான். "மச்சி, அது மனுஷ மூஞ்சிக்கு வெக்கிற முறைடா. மூஞ்சில இருக்குற பள்ளம், கோடு, பரு எல்லாம் மறையணும்னு ரெண்டு பக்கமும் அடிக்கிறாங்க. சாப்பாட்டுக்கு அந்த பள்ளமும் மேடும்தான்டா ருசியே, அதையே அழிச்சுட்டா என்னத்த பாக்குறது"ன்னான். ஒரு லைட்ட அணைச்சுட்டு இன்னொன்ன சட்டிக்கு பின்னாடி கொண்டு போயி வெக்க சொன்னான். சட்டிய கடிகாரம்னு வெச்சுக்கிட்டு நீங்க ஆறு மணி பக்கம் நின்னா, லைட்டு பத்து மணி பதினோரு மணி பக்கம் இருக்கணும்.

பின்னாடி இருந்து வெளிச்சம் வந்தா படம் இருட்டாத்தான் வரும்னு நெனச்சேன், ஏன்னா வீட்டுல யாரையாவது ஜன்னலுக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுத்தா மூஞ்சி கருப்பாத்தானே வரும். கொழம்பு அப்படி இல்ல. அந்த வெள்ள கட்டம் இப்போ நீட்டி இழுத்த மாதிரி எண்ணெ ஓரத்துல மட்டும் ஒரு மினுமினுப்பா மாறிடுச்சு, மீன் தோல்ல செதில் எடுத்த தடம் ஒவ்வொண்ணும் தெரியுது, கருவேப்பில ஓரத்துல வெளிச்சம் ஊடுருவி பச்சை தெரியுது, புளிக்கரைசல் கெட்டியா இருக்குறது கண்ணுக்கே தெரியுது. முன்பக்கம் மட்டும் கொஞ்சம் இருட்டு. அதுக்கு ஸ்டேஷனரி கடையில ஒரு தெர்மாகோல் ஷீட் வாங்கி ரெண்டா ஒடச்சு சட்டிக்கு முன்னாடி, படத்துக்குள்ள வராத மாதிரி நிக்க வெச்சேன், பின்னாடி வர்ற வெளிச்சம் அதுல பட்டு திரும்பி வந்து முன்பக்கத்த தூக்கிவிட்டுச்சு. அதாவது 1,300 ரூவா ரெண்டாவது லைட்டு செய்யவேண்டிய வேலைய அம்பது ரூவா கூட ஆகாத தெர்மாகோல் செஞ்சிருச்சு, அதுவும் நல்லா. அன்னைக்கே அந்த ரெண்டாவது லைட்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு.

லைட்ட எவ்வளவு தள்ளி வெக்கிறதுன்னு ஒரு சந்தேகம் வரும். படத்துக்குள்ள தெரியாத வரைக்கும் கிட்ட கொண்டு வாங்க. வெளிச்சம் மெத்துனு விழுறது துணியால மட்டும் இல்ல, சாப்பாடு இருக்குற எடத்துல இருந்து பாத்தா அந்த லைட்டு எவ்வளவு பெருசா தெரியுதுங்கறதுதான் கணக்கு. அதே பொட்டிய ரூம் மூலைக்கு தள்ளுனா சாப்பாட்டுக்கு அது சின்ன பல்புதான், நெழல் கத்தி மாதிரி விழும், தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சமும் ஏறக்குறைய நாலுல ஒரு பங்காயிடும்.

இப்போ குறைக்கு வர்றேன். இந்த செட்டோட பெரிய குறை பல்பு. மறுநாள் காலையில அதே கொழம்ப, மீந்து இருந்தத, ஜன்னல் ஓரமா வெச்சு எடுத்துட்டு ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தேன். ஜன்னல்ல செக்கச்செவேல்னு மொளகா கலர், லைட்டுல அதே கொழம்பு செம்மண்ணு தண்ணி மாதிரி. போன்ல கலர் சாயத்த சரி பண்ற ஒயிட் பேலன்ஸ மாத்தி மாத்தி பாத்தேன், மொத்தமா மஞ்சளாகுது இல்ல நீலமாகுது, செவப்பு மட்டும் எழுந்து வரவே இல்ல. எல்இடி பல்புல உள்ள எரியறது நீல வெளிச்சம், மேல பூசியிருக்குற பாஸ்பர்ங்கற ஒளிரும் பொடிதான் அத வெள்ளையா மாத்துது, மலிவு பல்புல அந்த பூச்சுல செவப்பு பங்கு கம்மி. வெளிச்சத்துல செவப்பே இல்லேன்னா மொளகாத்தூள் எங்க இருந்து செவப்ப திருப்பி காட்டும்? பெட்டி மேல சிஆர்ஐ 80ன்னு பெருமையா போட்டிருந்தான், சிஆர்ஐன்னா அந்த வெளிச்சத்துல கலரெல்லாம் எவ்வளவு நெசமா தெரியும்னு நூறுக்கு போடுற மார்க்கு. அந்த நம்பர் எட்டு வெளிறுன கலர வெச்சு போடுற சராசரி, நல்ல அழுத்தமான செவப்பு அந்த எட்டுல கிடையவே கிடையாது, அதுக்கு ஆர்9னு தனி நம்பர். அது பூஜ்யத்துக்கு பக்கத்துல இருந்தாக்கூட சிஆர்ஐ 80ன்னு போட்டுக்கலாம். சாம்பார், இட்லி, பொங்கல் எடுக்குறவங்களுக்கு இது பெருசா தெரியாது. மீன் கொழம்பு, தக்காளி தொக்கு, பீட்ரூட், சிக்கன் வறுவல்னு எடுக்குறவங்களுக்கு இதுதான் உயிர்.

சரி பல்ப மாத்திடலாம்னு திருப்பாப்புலியூர்ல ஒரு எலெக்ட்ரிக்கல் கடைக்கு எடுத்துட்டு போனேன். கடைக்காரர் கையில வாங்கி திருப்பி பாத்துட்டு "தம்பி, இது திருகு டைப்பு, நம்ம பக்கம் ஓடுறதெல்லாம் பின் டைப்புதான், வேணும்னா கன்வெர்ட்டர் போட்டுக்குங்க"ன்னாரு. அப்புறம் பெட்டில 135 வாட்ஸ்னு போட்டிருந்தத காட்டுனேன், அவர்கிட்ட இருந்த மீட்டர்ல சொருகி பாத்தா 25 கூட தாண்டல. அவரு சிரிக்கல, பாவம்னு நெனச்சிருப்பாரு. கன்வெர்ட்டர் போட்டு வீட்டு பல்பு ஒண்ணு மாட்டுனா அது 6500 கெல்வின் (வெளிச்சத்தோட கலர சொல்ற அளவு, ஏற ஏற நீலம்), ஒரே நீலம், சாதம் ஆஸ்பத்திரி செவுரு மாதிரி இருந்துச்சு. கடைசில ஆன்லைன்லயே சிஆர்ஐ 95, 5500 கெல்வின்னு போட்ட திருகு பல்பு ஒண்ணு 700 ரூவாய்க்கு வாங்குனேன். அது வந்தப்புறம்தான் கொழம்பு கொழம்பாச்சு. ஆக நான் செலவு பண்ணது 3,300, அதுல உருப்படியா ஒழைக்கிறது ஒரு ஸ்டாண்டு, ஒரு துணிப்பொட்டி, தனியா வாங்குன அந்த பல்பு.

ஒரு எச்சரிக்கை. நல்ல பல்பு மாட்டிட்டு மேல ட்யூப் லைட்டையும் எரிய விட்டீங்கன்னா எல்லாம் வீண். கொழம்புக்கு ஒரு பக்கம் ஒரு கலரு, இன்னொரு பக்கம் வேற கலரு, எந்த ஆப்புலயும் சரி பண்ண முடியாது. ரூம்ல மத்த லைட்ட எல்லாம் அணைச்சிடுங்க. பழைய பல்புல வீடியோ எடுத்தப்போ கருப்பு கருப்பா பட்டை ஓடுச்சு, நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், மலிவு பல்பு நொடிக்கு நூறு தடவ மினுக்கும், போன்ல ப்ரோ மோடு இருந்தா ஷட்டர் தொறந்திருக்குற நேரத்த நொடியில 50ல ஒண்ணு இல்ல 100ல ஒண்ணுல வெச்சா பட்டை போயிடும்.

அப்போ ஜன்னலே போதுமேன்னு கேப்பீங்க. போதும், அதுதான் உண்மை. பகல்ல சமைச்சு பகல்ல எடுக்க முடிஞ்சா இந்த செட்டு உங்களுக்கு வேணாம். ஆனா ஒண்ணு, வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு வடக்கு ஜன்னல்ல நேர் வெயிலே வராதுன்னு நம்பிடாதீங்க. அது அவங்க ஊருக்கு. கடலூரு பூமத்திய ரேகைக்கு வடக்க கிட்டத்தட்ட பன்னெண்டு டிகிரிலதான் இருக்கு, சித்திரை மாசம் மொதல் வாரம் தாண்டுனா ஆவணி ஆரம்பம் வரைக்கும் உச்சி சூரியன் நமக்கு வடக்கு பக்கமாத்தான் போகுது. மே மாசம் ஒரு நாள் அக்கா வீட்டு வடக்கு ஜன்னல் ஓரமா எல போட்டு எல்லாம் அடுக்கி வெச்சுட்டு திரும்புறேன், கம்பி நெழலு கோடு கோடா சாதத்து மேல விழுந்திருக்கு. மாமாவோட பழைய வெள்ள வேட்டிய ஜன்னல்ல கட்டுனேன், சரியாச்சு. நீலம் நெறைய போட்ட வேட்டிய எடுக்காதீங்க.

ஆனா அக்காவுக்கு ராத்திரி ஆர்டர்தான் ஜாஸ்தி, சுடச்சுட வறுவல் எடுக்குறது ஏழு மணிக்கு மேலதான், அதனால லைட்டு இல்லாம முடியாது.

எல சாப்பாடு எடுக்குறப்போ பட்டதையும் சொல்லணும். வாழ எல மேல வெளிச்சம் பட்டு பச்சையா திரும்பி சாதத்துல ஏறும், சாதத்து அடி ஓரம் லேசா பாசி புடிச்ச மாதிரி தெரியும், நேர்ல கண்ணு கண்டுக்காது, போட்டோல தெரியும். சாதத்த கொஞ்சம் குவிச்சு வெச்சு தெர்மாகோல ஓரமா தாழ புடிச்சா அந்த பச்சை கொறையுது. அப்புறம் வெள்ளைய பாத்தா போன் தானா வெளிச்சத்த கொறைச்சிடும், எல்லாத்தையும் நடுத்தரமான சாம்பலாக்கறதுதான் கேமராவோட பொறந்த குணம், அதனால சாதம், இட்லி, இடியாப்பம் எடுக்குறப்போ தொட்டு ஃபோகஸ் பண்ணிட்டு அந்த சூரியன் குறிய மேல இழுத்துக்கணும், கருப்பு சட்டி எடுக்குறப்போ கீழ.

இதுல ஒரு கூத்து நடந்துச்சு. மேல இருந்து நேர் கீழ எடுக்கணும்னு போன துணி காயப்போடுற கம்பியில கட்டி, ஸ்க்ரீன் எனக்கு தெரியணுமேன்னு செல்ஃபி கேமராவுல எடுத்தேன். படம் அருமையா வந்துச்சு, ஸ்டேட்டஸ்லயும் போட்டாச்சு. அரை மணி நேரத்துல பண்ருட்டியில இருந்து அக்காவோட மாமியார் போன். "எலைய திருப்பி போட்டு யாருக்குடா சோறு போட்டிருக்கீங்க?" பாத்தா நுனி வலது பக்கம் இருக்கு. நான் ஒழுங்காத்தான் இடது பக்கம் நுனி வெச்சு போட்டேன், செல்ஃபி கேமரா கண்ணாடி மாதிரி மாத்தி சேவ் பண்ணியிருக்கு. போன் செட்டிங்ஸ்ல அத ஆஃப் பண்ணலாம், பண்ணிடுங்க, நம்ம ஊருல இது வெளையாட்டு இல்ல.

அதே மாமியார் வீட்டுல இருந்துதான் எனக்கு கெடச்சதுலயே நல்ல பொருளும் வந்துச்சு. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல அவங்க தோட்டத்துல விழுந்த பலா மரத்த அறுத்து வெச்சிருந்த பலகை ஒண்ணு. அறுத்த புதுசுல மஞ்சளா இருந்தது இப்போ தேன் கலரு தாண்டி பழுப்பாயிடுச்சு. அது மேல வாழ எல துண்டு, அதுல வஞ்சிரம் வறுவல், ஓரத்துல வெங்காயம் எலுமிச்சை, அவ்வளவுதான், வேற எதுவும் வேணாம். இத ஏன் சொல்றேன்னா இந்த செட்டோட சேத்து மார்பிள் டிசைன் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டும் 400 ரூவாய்க்கு விக்கிறான், வாங்காதீங்க, நம்ம சாப்பாடு அதுல வெச்சா ஏதோ பாத்ரூம் தரையில வெச்ச மாதிரி இருக்கு. கருப்பு சார்ட் பேப்பர் 15 ரூவா, மீந்த எல்லாத்துக்கும் அது போதும்.

சுத்தி சாமான் தூவுறதும் எனக்கு புடிக்கல. மீன் கொழம்பு சட்டிய சுத்தி பட்ட, கிராம்பு, அன்னாசிப்பூ எல்லாம் பரப்பி வெச்சு எடுக்குறாங்க, மீன் கொழம்புல பட்ட யாருங்க போடுறா? பாக்குறவனுக்கு சந்தேகம்தான் வரும். பூண்டு ரெண்டு பல்லு, புளி கொஞ்சம், பச்ச மொளகா, உள்ள இருக்குறது வெளிய இருந்தா சரி.

எவர்சில்வர் தட்டுல எடுக்காதீங்கன்னு சொல்லலாம், ஆனா அக்கா வீட்டுல இருக்குறது பூராவும் எவர்சில்வர்தான். ஒரு படத்துல தட்டு விளிம்புல என் கைலியோட கட்டம் போட்ட டிசைன் சுத்தி வந்திருந்துச்சு. போலரைசர் ஃபில்டர் வாங்குனா போயிடும்னு ஒருத்தர் சொன்னாரு, வாங்கிடாதீங்க, அது கொழம்பு, எல, கண்ணாடி மேல வர்ற பளபளப்பதான் கொறைக்கும், உலோகத்துல அதோட பருப்பு வேகாது. சுத்தியும் வெள்ளையா எதையாவது நிறுத்தி தட்டுல வெள்ளையே தெரியற மாதிரி பண்றதுதான் வழி, நானும் கருப்பு பனியனுக்கு மாறிட்டேன்.

கோணத்துக்கு எல்லாரும் 45 டிகிரின்னு சொல்லுவாங்க, எனக்கு சாப்பாடுதான் சொல்லணும். எல சாப்பாடு மேல இருந்து, பரோட்டா அடுக்கு, முறுகல் தோசை எல்லாம் தட்டோட மட்டத்துக்கு குனிஞ்சு, கொழம்புக்குதான் அந்த நடுக்கோணம், உக்காந்து சாப்பிடுறவன் பாக்குற கோணம். போன ரொம்ப கிட்ட கொண்டு போகாதீங்க, மெயின் லென்சு அகலமானது, முன்னாடி இருக்குற மீனு சுறா மாதிரி வீங்கிடும், ரெண்டடி தள்ளி நின்னு 2எக்ஸ் ஜூம்ல எடுங்க.

ஆவி வேணும்னா இந்த ஒத்த லைட்டு பின்னாடி இருக்குறது தங்கம். பின்னாடி கருப்பு சார்ட்டு, காலி கிண்ணத்த வெச்சு ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் சரி பண்ணிட்டு, ஃபேன நிறுத்திட்டு "அக்கா இப்போ கொண்டா"ன்னு கத்தணும். ஒரு நிமிஷம்தான் கெடைக்கும், ஃபேன் இல்லாம கடலூர் வேக்காட்டுல வேர்த்து ஊத்தும். மொதல்ல துண்டு மேல நிக்கிற மாதிரி மீன அடுக்கிட்டு அப்புறம் கொழம்ப சுத்தி கொஞ்சமா ஊத்தச்சொல்லுங்க, நெறைய ஊத்துனா மீன் முழுகிடும், வெறும் கொழம்புதான் படம். கிளிசரின் தெளிக்கிறது, சோப்பு நுரை வெக்கிறது எல்லாம் எங்க வீட்டுல நடக்காது, எடுத்து முடிச்ச உடனே அந்த தட்ட நான்தான் சாப்பிடணும்.

சரி முடிவா இந்த செட்டு எப்படின்னா அஞ்சுக்கு ரெண்டரை. துணி நல்லா இருக்கு, வெளிச்சம் சீரா வருது, மூணு மாசத்துல கிழியல. ஸ்டாண்டு கழுத்து திருகு பிளாஸ்டிக்கு, ரெண்டாவது மாசமே லூசாகி ஒரு நாள் பொட்டி மெதுவா தலைய தொங்கப்போட்டு வறுவல் தட்டு மேலயே குனிஞ்சுடுச்சு, இப்போ சைக்கிள் ட்யூப் வெட்டி கட்டியிருக்கேன், கட்டிலுக்கு அடியில இருக்குறத ஸ்பேருக்கு வெச்சிருக்கேன். கஸ்டமர் கேருக்கு பல்பு பத்தி எழுதுனேன், உங்க கருத்துக்கு நன்றின்னு பதில் வந்துச்சு. ஒத்த லைட்டா, ஒத்த ஸ்டாண்டோட, சிஆர்ஐ 95னு போட்டது கெடைச்சா 2,000 ரூவா வரைக்கும் குடுக்கலாம், இத மாதிரி ரெட்டை செட்ட தள்ளுபடியில பாதி வெலைக்கு குடுத்தாலும் பல்பு செலவ சேத்து கணக்கு போட்டுட்டு வாங்குங்க. அக்கா போன வாரம் இறால் தொக்கு படத்த பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, பேசாம அத ப்ரொஃபைல் போட்டோவா வெச்சுக்குச்சு.